20.8 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் விற்கிறார்கள், உஷார்

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போன கடையில், கடைக்காரர் கோர் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் (ஒரு கோரின் துடிப்பு வேகம்) பெருக்கிக் காட்ட ஆரம்பித்தால், சொல்லிவிட்ட டீக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். கோவையில் எங்களுக்கு அப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 42,000 ரூபாய் போனது.

தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு வேலரன்ட், ஜி.டி.ஏ. 5 விளையாட ஒரு சிஸ்டம் கேட்டான். மானிட்டர் வீட்டிலேயே இருந்தது. நாங்கள் கேட்டுப் போனது இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை ஐ3 புராசஸர், அதாவது 12100எஃப். "அது பேங்க்ல டைப் அடிக்கிறதுக்குங்க சார், நாலே கோரு" என்று கடைக்காரர் தள்ளிவிட்டார். அப்புறம் ஒரு பழைய கொட்டேஷன் தாளைத் திருப்பிப்போட்டு எழுதினார்: 8 × 2.6 = 20.8. "இது எட்டு கோருங்க, பதினாறு த்ரெட்டு. மொத்தம் 20.8 கிகாஹெர்ட்ஸ். கண்ணு, நீ எந்த கேம் வேணாலும் போட்டுக்க." (த்ரெட் என்பது புராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை.) அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பில்லில் இதெல்லாம் ஒன்றும் இல்லை. 'அசெம்பிள்டு சிபியு – 1' என்று ஒரே வரி.

உள்ளே இருந்தது இன்டெல் ஸியான் ஈ5-2670. 2012-ல் சர்வர்களுக்காக வந்த புராசஸர். சர்வர்களில் ஓடி ஓய்ந்து கழற்றிப்போட்டவற்றை, பெயர் தெரியாத சீன எக்ஸ்79 மதர்போர்டில் மாட்டி 'கேமிங் சிஸ்டம்' என்று விற்கிறார்கள். பழைய சரக்காக இந்தப் புராசஸர் மட்டும் தனியாக இரண்டாயிரத்துக்கும் கீழே கிடைக்கிறது. வெளியே கண்ணாடி கேபினெட், கலர் கலராக மின்னும் ஃபேன். பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது.

முதல் நாளே வேலரன்ட் திறக்கவில்லை, 'வான் 9001' என்று பிழை வந்தது. விண்டோஸ் 11-ல் அந்த கேம் ஓட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் வேண்டும். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதே பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான். கடைக்காரர் அந்தச் சோதனையைத் தாண்டி எப்படியோ ஏற்றிக் கொடுத்திருந்தார். ஃபோன் செய்ததும் ஆள் வந்து விண்டோஸ் 10 போட்டுவிட்டுப் போனார். அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவுக்கு 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாள் என்பதை அவர் சொல்லவில்லை.

சரி, கேம் திறந்தது. ஆனால் நாலு பேர் ஒரே இடத்தில் சுடத் தொடங்கினால் படம் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனோம். அங்கே நடந்ததைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து (அதில் சிபியு என்றால் புராசஸர்), "பாருங்க சார், சிபியு 24 சதவீதந்தான் ஓடுது, தூங்கிட்டு இருக்குது. கிராபிக்ஸ் கார்டுதான் பத்தல. இன்னொரு 9,000 போடுங்க, பெருசு மாட்டிரலாம்" என்றார். பழைய புராசஸரை விற்றவர், அதன் குறையை வைத்தே அடுத்த பொருளையும் விற்கப் பார்க்கிறார்!

அந்த 24 சதவீதம் பதினாறு த்ரெட்டுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. கேமில் ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும், முன்னின்று தயார்செய்யும் ஒரு முக்கிய த்ரெட் உண்டு. நீங்கள் அழுத்திய பட்டனை வாங்கி, அடுத்து என்ன நடக்கும் என்று கணக்கிட்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு எதை வரைய வேண்டும் என்று சொல்வதில் பெரும்பங்கு அதன் வேலை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்பதால் இதை எட்டுக் கோருக்கும் சமமாகப் பங்குபோட முடியாது. எட்டு அடுப்பு இருந்தாலும் ஒரு பானைச் சோறு ஒரே அடுப்பில்தான் வேகும். நொடிக்கு 144 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 7 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். முக்கிய த்ரெட் திணறினால் மற்றக் கோர்கள் சும்மா இருக்கும், டாஸ்க் மேனேஜரும் குறைந்த சதவீதம் காட்டும்.

அதனால் எட்டு 2.6 சேர்ந்து ஒருநாளும் 20.8 ஆகாது. ஒவ்வொரு கோரும் அதனதன் வேகத்தில்தான் ஓடும். இந்த ஸியான் டர்போவில் (முழு மூச்சாக ஓடும்போது) அதிகபட்சம் 3.3 போகும். அந்த ஐ3 4.3 வரை போகும். வித்தியாசம் ஒரு கிகாஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அதையும் சேர்த்தால் ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ3 ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது புதுக்கதையும் இல்லை. 2006-ல் 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்த இன்டெல் புராசஸரான கோர் 2 டுவோ, அதன் பழைய 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ ஓரங்கட்டியது. 2022-ல் வந்த ஏ.எம்.டி. புராசஸரான ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் அண்ணன் 5800எக்ஸைவிடக் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடியும் பெரும்பாலான கேம்களில் அதை முந்தியது. காரணம் 96 எம்.பி. எல்3 கேஷ், அதாவது புராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம். பெட்டியில் இருக்கும் ஒரு எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களை எந்தக் காலத்திலும் ஏமாற்ற முடிந்திருக்கிறது.

கடையிலேயே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கேமை 1080பி தெளிவில் ஓடவிட்டு எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பாருங்கள். பிறகு தெளிவை 720பி-க்கு இறக்குங்கள், கிராபிக்ஸ் கார்டின் வேலை குறையும். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. கொஞ்சமும் ஏறவில்லை, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடும் பாதிக்குக் கீழே கிடக்கிறது என்றால் பெரும்பாலும் புராசஸர்தான் தடை. எஃப்.பி.எஸ்.-க்கு வரம்பு வைக்கும் செட்டிங், மானிட்டர் வேகத்தோடு எஃப்.பி.எஸ்.-ஐக் கட்டிப்போடும் வி-சிங்க் இரண்டையும் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சோதனைக்கு அர்த்தமில்லை. எங்கள் சிஸ்டத்தில் 720பி-க்கு இறக்கியும் எஃப்.பி.எஸ். அசையவில்லை. அதைக் காட்டிய பிறகுதான் அந்த 9,000 பேச்சு நின்றது.

இன்னொன்று. 'திஸ் பிசி' பிராபர்டீஸில் தெரியும் புராசஸர் பெயரை நம்ப வேண்டாம், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றி எழுதிவிடலாம். புராசஸரின் உண்மையான மாடலைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் இலவசம்; பென் டிரைவில் எடுத்துப்போய் ஓடவிடுங்கள். மாடல் எண்ணை வைத்து, வெளிவந்த வருடத்தை இன்டெல் அல்லது ஏ.எம்.டி. தளத்திலேயே பார்த்துவிடலாம். கிராபிக்ஸ் கார்டிலும் பயாஸை (கார்டுக்குள் பதிந்த அடிப்படை மென்பொருள்) மாற்றி விலை உயர்ந்த மாடல் போலக் காட்டும் வேலை நடக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஜிபியு-இசட் மென்பொருள்.

ஸியான் உதவாக்கரை என்று சொல்லவில்லை. வீடியோ ரெண்டரிங்குக்குப் பதினாறு த்ரெட்டும் உழைக்கும். பழைய சர்வர் புராசஸர் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்றிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கடைக்காரர், "பில்லுல புராசஸர் பேரே இல்லீங்களே சார்" என்றார். திரும்ப எடுத்துக்கொள்ள 14,000 தருவாராம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அது நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தக் கணக்குத் தாள், பில், சிபியு-இசட் படம், வாட்ஸ்அப்பில் கடைக்காரர் அனுப்பிய '20.8 கிகா கேமிங் பீஸ்ட்' விளம்பரம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி ஒற்றை வரி பில் வைத்திருப்பவர்கள் கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். மாடல் எதுவும் எழுதாத பில்லுக்கு அதுதான் துணைச் சாட்சி.