ஊர் ஹாலுக்கு 65 அங்குல டிவி: எந்தத் திரை, யார் சர்வீஸ்

ஆடித் தள்ளுபடிக்கோ பொங்கலுக்கோ வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற நம்மில் பலர் முதல் வாரத்திலேயே கையில் எடுக்கிற வேலை, வீட்டின் பழைய 32 அங்குல டிவியை மாற்றுவது. அங்கே நாம் பார்த்துப் பழகிய திரையையே இங்கேயும் வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். அது பெரும்பாலும் சரிவராது. சிங்கப்பூரிலோ டொரொண்டோவிலோ இருட்டிய அறையில் ராத்திரி 2 மணி நேரம் ஓடுகிற டிவி வேறு. வாசல் கதவு திறந்தே கிடக்கிற ஹாலில், காலை செய்தியில் ஆரம்பித்து ராத்திரி சீரியல் வரை ஓடுகிற டிவி வேறு. நாம் விமானம் ஏறிய பிறகு அதைப் பழுது பார்க்க யார் வருவார்கள் என்பதும் சேர்ந்துதான் திரையை முடிவு செய்கிறது.

அங்கிருந்தே தூக்கி வரும் யோசனையை விட்டுவிடலாம். 2013 ஆகஸ்டிலேயே தட்டைத் திரை டிவியை இந்தியச் சுங்கத்தின் வரியில்லாச் சலுகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 55 அங்குலப் பெட்டியே விமான நிறுவனங்கள் வழக்கமாக ஏற்கும் 158 செ.மீ. மொத்த அளவைத் தாண்டிவிடும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் விலை வித்தியாசத்திலும் பெரிய லாபம் இல்லை.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள். 65 அங்குலத் திரையின் அகலம் சுமார் 144 செ.மீ. சோபாவிலிருந்து சுவர் வரை ஒன்பது அடி இருந்தால் அது கச்சிதம். ஏழரை அடிதான் என்றால் 55 போதும், பத்தடிக்கு மேல் என்றால் 75 பற்றி யோசிக்கலாம். டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெரிய கூடத்தில் 65 எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.

கடையில் மாட்டியிருக்கும் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் அடிப்படையில் எல்சிடிதான்: பின்னால் விளக்கு, முன்னால் அந்த ஒளியைத் தடுத்தும் விட்டும் படம் காட்டுகிற திரை. க்யூஎல்இடி என்பது நீல விளக்குக்கு முன்னால், ஒளியின் நிறத்தை மாற்றுகிற நுண்துகள்கள் கொண்ட குவாண்டம் டாட் படலம் ஒன்று சேர்த்தது. அதனால் சிவப்பும் பச்சையும் தூய்மையாக வரும். கறுப்பு ஆழமாவதற்கும் அந்தப் படலத்துக்கும் சம்பந்தமில்லை. “சார், இது க்யூஎல்இடி, ஓஎல்இடியவிட ஒரு படி மேல” என்று விற்பனையாளர் சொன்னால் அந்த ஒரு எழுத்தை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். விலை குறைந்த க்யூஎல்இடிகளில் பலவற்றின் வெளிச்சம் 300 நிட்ஸைச் சுற்றித்தான் இருக்கும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் படமுறை) என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே தெரியும்.

எல்சிடிக்குள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திரை விஏ வகையா ஐபிஎஸ் வகையா என்பது. ஐபிஎஸ் திரையின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கும். விஏ மூவாயிரத்தைத் தாண்டும். ஆனால் விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். திவான் சுவரோரம் கிடக்கிற வீடு என்றால் இது முக்கியம். கடையில் திரைக்கு எதிரே நின்றுவிட்டு அப்படியே ஓரத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள், எந்த வகை என்று கண்ணே சொல்லிவிடும். இரண்டாவது, பின்விளக்கு எங்கே இருக்கிறது என்பது. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய டிவிகளில் இருட்டுக் காட்சியில் மூலைகள் வெளிறும். திரை முழுக்கப் பின்னால் விளக்கு பரப்பி, பகுதி பகுதியாக மங்க வைக்கிற வகைதான் வாங்கத் தகுந்தது. மினி எல்இடி இதன் வளர்ந்த வடிவம். விளக்குகள் மிகச் சிறியவை, பகுதிகளின் எண்ணிக்கையும் அதிகம். எத்தனை பகுதிகள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து நகரும்போது எழுத்தைச் சுற்றிப் புகை மூட்டம் மாதிரி ஒளி கூடவே நகர்ந்தால் பகுதிகள் போதவில்லை.

ஓஎல்இடி தனி இனம். அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், அணைந்தால் முழுக் கறுப்பு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. படம் பார்க்க இதற்கு இணை இல்லை. ஆனாலும் ஊர் ஹாலுக்கு இதை வாங்க வேண்டாம் என்பேன், காரணம் சுவர் சுவிட்சு. ஓஎல்இடி பிக்சல்கள் ஓட ஓட ஒரே சீராகத் தேய்வதில்லை. அதைச் சமன்செய்ய டிவி தானாகவே ஒரு சுத்திகரிப்பு வேலை செய்கிறது. சுமார் 4 மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது சில நிமிடங்கள் அது நடக்கும். நம் வீடுகளில் ரிமோட்டில் அணைத்த கையோடு சுவரில் சுவிட்சையும் தட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். கரண்ட் பில் பற்றிய கவலையும் மின்கசிவு பயமும் சேர்ந்து பல வருடமாக ஊறிய பழக்கம் அது. நாம் சொல்லி மாற்ற முடியாது, மாற்றச் சொல்வதும் சரியில்லை, ஏனென்றால் ஐப்பசி கார்த்திகை இடிமழைக்கு ப்ளக்கைப் பிடுங்கியே ஆகவேண்டும். அந்தச் சில நிமிட வேலை மாதக்கணக்கில் நடக்காமல் போகும்.

அதோடு செய்திச் சேனல் சேர்கிறது. தமிழ்ச் செய்திச் சேனல்களில் சின்னம் ஒரு மூலையில், தலைப்புப் பட்டை கீழே, அதற்கும் கீழே ஓடும் எழுத்து, பக்கத்தில் தங்கம் விலை என்று நகராத கட்டங்கள் நாள் முழுக்க நிற்கும். டிவிகளைச் சோதித்து மதிப்பிடும் கனடாவின் ஆர்டிங்ஸ் தளம் 2018-இல் தொடங்கிய சோதனையில் எல்ஜி சி7 ஓஎல்இடி டிவிகளை நாள்தோறும் 20 மணி நேரம் ஓட்டினார்கள். அதிக வெளிச்சத்தில் சிஎன்என் ஓடிய டிவியில் செய்திப் பட்டையின் தடம் நிரந்தரமாகப் பதிந்தது. அதற்குப் பிறகு வந்த திரைகள் மேம்பட்டவைதான். ஆனாலும் பதிந்த தடத்தைப் பல நிறுவனங்களின் வாரண்டி ஏற்பதில்லை. இரவில் மட்டும் படம் பார்க்கிற, இருட்டாக்க முடிகிற அறை உங்களுக்கென்று ஊரில் இருந்தால் ஓஎல்இடி வாங்குங்கள். அப்பா செய்தி பார்க்கிற ஹாலுக்கு விஏ திரையுள்ள மினி எல்இடி, பட்ஜெட் இடிக்கிறதென்றால் திரை முழுக்கப் பின்விளக்குள்ள சாதாரண எல்இடி.

பழுதுக் கணக்கும் இதையே சொல்கிறது. சாதாரண எல்சிடியில் படம் இருண்டு சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பின்விளக்குப் பட்டை போயிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் அந்தப் பட்டைகள் செட்டாகக் கிடைக்கின்றன. கைதேர்ந்த உள்ளூர் மெக்கானிக் திரையைக் கவனமாகக் கழற்றி மாற்றிவிடுவார். பவர் போர்டும் அப்படியே. ஓஎல்இடியில் ஒளிர்வதே திரை என்பதால் அது போனால் பேனலையே மாற்ற வேண்டும், செலவு புது டிவியை நெருங்கும். எல்சிடி வாங்கினாலும் பின்விளக்கை 100-இல் ஓட விடாதீர்கள். 50, 60-இல் வைத்தால் பட்டை நீண்ட நாள் உழைக்கும்.

கடையில் எல்லா டிவியும் டெமோ மோடில், கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் ஓடும். ஹோம் மோடுக்கு மாற்றி, படத்தை சினிமா அல்லது ஸ்டாண்டர்டில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் கொஞ்சம் தயங்குவார்கள், கேட்டால் செய்வார்கள். சொந்தமாக ஒரு பென் டிரைவ் கொண்டு போங்கள். அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது, என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் இருட்டுக் காட்சியுள்ள 4கே கோப்பு ஒன்று, கேமரா வேகமாகத் திரும்பும் கிரிக்கெட் காட்சி ஒன்று, முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்று. சாம்பலில் அழுக்குத் திட்டுகள் தெரிந்தால் பச்சை மைதானத்திலும் அவை தெரியும்.

வீட்டில் ஓடப்போவது என்ன என்பதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. சாதாரண எஸ்டி சேனலின் படம் 720-க்கு 576. 4கே திரை 3840-க்கு 2160. அதாவது சரியாக 20 மடங்கு. வருகிற ஒவ்வொரு புள்ளியையும் 20 புள்ளிகளாக டிவி இழுக்க வேண்டும். அரசு கேபிளானாலும் தனியார் கேபிளானாலும் எஸ்டி பெட்டியை 65 அங்குலத்தில் மாட்டினால் முகங்கள் கரைந்துதான் தெரியும். இன்ஸ்டலேஷன் நாளிலேயே கேபிள்காரரிடம் சொல்லி எச்டி பெட்டிக்கு மாறுங்கள். மாறிய பிறகும் பெட்டியின் பின்னால் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரையே மறுபடி குத்திவிட்டுப் போயிருப்பார்கள். எச்டிஎம்ஐ வயர் போட்டு, பெட்டியின் மெனுவில் 1080ஐ தேர்ந்து, படத்தின் அளவை 16:9-இல் வையுங்கள். நெட்பிளிக்ஸில் 4கே வேண்டுமானால் பிரீமியம் திட்டமும் சுமார் 15 எம்பிபிஎஸ் வேகமும் தேவை. மொபைல் திட்டம் டிவியில் ஓடவே ஓடாது.

பில் யார் பெயரில், எந்த எண்ணில் என்பதை அலட்சியமாக விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதிகம் அடிபடுகிற இடம் இதுதான். நம் பெயரில், நம் வெளிநாட்டு எண்ணில் பதிந்துவிட்டால் பிறகு புகார் கொடுக்கும்போது ஓடிபி நம் போனுக்கு வரும், மெக்கானிக் நம்மைக் கூப்பிடுவார், நாம் தூக்கத்தில் இருப்போம். பெற்றோர் பெயரிலும் அவர்களின் எண்ணிலும் போடச் சொல்லுங்கள். பணத்துக்கு, உள்ளூர் வங்கி அட்டைக்கான கேஷ்பேக் நம் வெளிநாட்டு அட்டைக்குக் கிடைக்காது. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ இயக்க 2023 ஜனவரியில் வழி திறந்தது. தொடக்கத்தில் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உள்பட 10 நாடுகளுக்கு. ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம்தான் போகும். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கடைக்குச் சட்டத்திலேயே அனுமதியில்லை.

பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் பக்கத்தில் ஊரின் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். மாவட்டத் தலைநகரில் சென்டர் இருக்கிறது என்பது போதாது, வீட்டுக்கு வருவார்களா என்று போன் செய்து கேளுங்கள். கூடுதல் வாரண்டி எடுத்தால் அது டிவி நிறுவனத்துடையதா, கடை சேர்த்து விற்கும் வேறொருவருடையதா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். உடைசல் பொதுவாக அதில் சேராது.

வந்த முதல் வாரத்திலேயே வாங்குவது நல்லது. ஆன்லைனில் மாற்றித்தரும் கெடு பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான். பெட்டியை நீங்களே பிரிக்காதீர்கள். நிறுவனத்தின் ஆள் வந்து பிரிக்கட்டும், அதை வீடியோ எடுங்கள். டிவி நிற்க வைத்த நிலையில்தான் வர வேண்டும். டெம்போவில் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதைக் குறித்து வையுங்கள். பெட்டி, டிவியின் முதுகு, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

மாட்டும்போது ஷோகேஸுக்கு மேலே உயரத்தில் ஏற்றுவது இங்கே வழக்கம். கழுத்து வலிக்கும், விஏ திரை கீழிருந்து பார்த்தால் வெளுக்கவும் செய்யும். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 100, 110 செ.மீ. இருந்தால் போதும். சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிவியை ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் தாங்காது, அதற்கென்று ஆங்கர் போல்ட் வேண்டும்.

மின்சாரத்தில் பயப்பட வேண்டியது குறைந்த வோல்டேஜ் இல்லை. பெரும்பாலான டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும், முதுகு லேபிளில் போட்டிருக்கும். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப் போனால் 400 வோல்ட் வரை ஏறலாம், அதுதான் பவர் போர்டைக் கொல்கிறது. அதிக வோல்டேஜில் துண்டிக்கிற கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள். எச்டிஎம்ஐ குத்தும் இடத்தைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இடி நேரத்தில் ப்ளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கேபிள் பெட்டியின் கறுப்பு வயர் வழியாகவும் மின்னல் இறங்கும், அதையும் கழற்ற வேண்டும்.

வீட்டாரிடம் சொல்லிவிட்டு வரவேண்டிய இன்னொன்று, துடைப்பது. திரையில் கிளீனரை நேராகப் பீய்ச்சினால் அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். திரையோடு ஒட்டிய மெல்லிய ரிப்பன் இணைப்புகள் பல டிவிகளில் அங்கேதான் இருக்கின்றன. சில நாளில் செங்குத்தாகக் கோடு விழும். கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் ஈரத்தடத்தைக் காட்டி வாரண்டி இல்லை என்பார். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும் போதும். பல்லி காற்றுத் துளை வழியே போய் போர்டில் செத்துக் கிடந்தாலும் அதே பதில்தான் கிடைக்கும். சுவருக்கும் டிவிக்கும் நடுவே மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தட்டச் சொல்லுங்கள்.

பில், சீரியல் எண் ஸ்டிக்கர், இன்ஸ்டலேஷன் சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டு வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதன் எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆள் வராமல் இழுத்தடித்தால் அந்த எண்ணோடு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பெற்றோரே பேசலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலேயே மனு போடலாம்.