ஜாக் ரஸ்ஸலும் எங்கள் மணல் வளவும்

வேலியடிக்குச் சீமெந்து போட்ட மேசனுக்குக் காசு கொடுத்து அனுப்பிய அன்றுதான் மச்சான் கேட்டான்: "மகள் ஜாக் ரஸ்ஸல் நாய்க்குட்டி வேணும் எண்டு நிக்கிறாள், வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. ஆனாலும் முடிந்தவரை நியாயமாகவே எழுதப் பார்க்கிறேன்.

உயரம் 25 முதல் 30 சென்ரிமீற்றர், எடை ஐந்தாறு கிலோ. இதைப் பார்த்ததும் சின்ன வீட்டுக்குத் தோதான நாய் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அளவு வீட்டுக்காக வந்ததல்ல, நரி வளைக்காக வந்தது. இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் ஜோன் ரஸ்ஸல் (1795–1883) என்றொரு பாதிரியார் இருந்தார். ஆளுக்கு நரி வேட்டைப் பைத்தியம். ஒக்ஸ்போர்டில் படித்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். இந்த வம்சத்தை அதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். வளைக்குள் புகுந்த நரியின் பின்னாலேயே இறங்கி, விடாமல் குரைத்து, அதை வெளியே கிளப்புவதுதான் இந்த நாயின் வேலை. கொல்லக் கூடாது, கொன்றால் அன்றைய வேட்டை முடிந்தது. வளைக்குள் நுழைய நெஞ்சு ஒடுங்கியிருக்க வேண்டும். அதனால் இன்றைக்கும் கண்காட்சிகளில் நடுவர் முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து அளந்து பார்ப்பார்.

மண்ணுக்குள் தனியாக நின்று தானே முடிவெடுக்கப் பழகிய வம்சம், அதுவும் குரைப்பதே தொழில். இப்படிப்பட்டதைக் கொண்டுவந்து எங்கள் திருகோணமலை உப்புவெளி மணலில் விட்டால் என்ன நடக்கும்?

எங்கள் வீட்டு ஜாக் ரஸ்ஸல் மணியன் தோண்டுகிறான். கோபத்தில் அல்ல, அலுப்பில்கூட அல்ல, கடமையாகத் தோண்டுகிறான். முதலில் தலையை ஒரு பக்கம் சரித்து நிலத்தைக் கேட்பான். முன்கால் ஒன்றை மெல்லத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். பிறகு மூக்கை மண்ணில் அழுத்தி ஒரு சீறல், அவ்வளவுதான், பின்கால்களுக்கு நடுவே மணல் தண்ணீர்க் குழாய் உடைந்ததுபோலப் பீறிட்டுப் போகும். நிமிரும்போது கண் இமையெல்லாம் மணல். முகத்தில் அப்படியொரு திருப்தி!

கத்தரிப் பாத்தி போனது. பயிற்றங்கொடிக்கு நட்ட கம்புகள் சாய்ந்தன. குழிக்குள் கல் போட்டேன், பக்கத்தில் புதுக்குழி வந்தது. மாரி மழைக்கு மண் இளகினால் உற்சாகம் இரட்டிப்பு. வேலிக்குக் கீழே வழி எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகளைப் போய்ப் 'பார்த்துவிட்டு' வந்த பிறகுதான் மேசனைக் கூப்பிட்டோம். ஓரளவு பலித்த ஒரே வைத்தியம், தென்னைக்குப் பக்கத்தில் ஒரு மூலையை அவனுக்கே ஒதுக்கி, அதற்குள் அவ்வப்போது எதையாவது புதைத்து வைப்பது. நான் கருவாட்டுத் தலை புதைத்தேன். நாற்றத்தைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கோழிக்கூட்டடி அகழான் எலிகள் ஒழிந்தன. பிடரியில் ஒரு பிடி, இரண்டு உதறல், வேலை முடிந்தது. இதை யாரும் பழக்கவில்லை. எலி மருந்து வைப்பதையும் அடியோடு நிறுத்திவிட்டோம். செத்த எலியை இவன் கடித்தால் அந்த நஞ்சு இவனுக்கும் போகும். எலி பிடிக்கிற நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் காணாது, எலிக்காய்ச்சல் ஊசியும் வருடாவருடம் வேண்டும்.

பராமரிப்பில் பெரிய தொல்லை உண்ணிதான். உண்ணிக் காய்ச்சல் வந்தால் இந்தச் சுறுசுறுப்பெல்லாம் அடங்கிவிடும். அதனால் மாதாமாதம் மருந்து, அதற்கு மேல் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் கை விட்டுத் தேட வேண்டும். முடி குட்டை என்று நம்பாதீர்கள். ஊசி போன்ற வெள்ளை முடி வருடம் முழுக்கக் கொட்டும், கறுப்புக் காற்சட்டையில் குத்தி நிற்கும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் நடையை விடியமுன்னமே முடித்துவிட வேண்டும். களைத்தாலும் பந்தை விடமாட்டான், நாம்தான் பறித்து வைக்க வேண்டும். கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் நிற்கும், அங்கே சங்கிலியைக் கழற்றுகிற எண்ணமே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இந்த இனத்துக்குக் கண்வில்லை இடம் விலகுகிற பரம்பரை நோய் உண்டு. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் வரும். தோண்டுகிற நாயின் கண் சிவந்தால் "மணல் விழுந்திருக்கும்" என்று கழுவிவிட்டு இருந்துவிடுவோம். கண் மங்கினாலோ, நோவில் சுருக்கினாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். நாள் தள்ளினால் பார்வை போய்விடும். வாங்கும்போதே தாய் தகப்பனின் கண்ணைப் பற்றி விசாரியுங்கள். குட்டிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டியும் பாருங்கள். வெள்ளை நிறம் கூடிய குட்டிகளில் சில பிறவிச் செவிடு.

இத்தனை வருடத்தில் வீட்டுக்குள் எலியும் இல்லை, சலிப்பும் இல்லை. அம்மா யாரோடும் இவ்வளவு பேசியதில்லை, அவனும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையைச் சரித்துக் கேட்கிறான்.

மச்சானுக்கு என் பதில்: வாங்காதே. நீ இருப்பது மாடி வீட்டில், காலையில் போனால் இருட்டித்தான் வருவாய். தனியாக விட்டால் மெத்தையைத் தோண்டுவான். போன மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்றைக்குச் சீமெந்து விலை அப்படி. மகள் அழுதால் சனிக்கிழமைகளில் இங்கே கூட்டி வா, பந்து எறிய எங்களுக்கும் ஆள் வேண்டும்.