இடுப்பில் முக்கால் கிலோ: கான்பூர் .32 ரிவால்வருடன் இரண்டு வருடம்

நகரத்பேட்டையில் பட்டறை, அல்சூரில் வீடு, கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சின்ன நகைக்கடை. இந்த மூன்றுக்கும் நடுவில் வாரத்தில் நாலு நாளாவது பையில் சரக்கோடு ஸ்கூட்டரில் அலைகிறவன் நான். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை இரவில் பின்தொடர்ந்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகுதான் லைசன்ஸுக்கு எழுதிப் போட்டேன். பெங்களூரில் அதைக் கொடுப்பது போலீஸ் கமிஷனர். விண்ணப்பம், விசாரணை, டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று என்று அது தனிக் கதை, இங்கே வேண்டாம். 2023 கடைசியில் வாங்கிய ரிவால்வரைப் பற்றியும், அதைவிட அதிகமாக அதைப் பழக நான் பட்ட பாட்டைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் க்ளாக், சிக் சாவர் என்று அடுக்கி வைத்துப் பேசுவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். 9 எம்எம் நம் ஊரில் தடை செய்யப்பட்ட 'போர்' (குழல் அளவு), சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. தனி ஆள் வெளிநாட்டிலிருந்து கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வதும் 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. அதனால்தான் அந்தக் காலத்து வால்தர் (ஜெர்மன் பிஸ்டல்) ஒன்று கை மாறும்போது லட்சக்கணக்கில் பேசுகிறார்கள், ஒரு நல்ல கார் வாங்கிவிடலாம். நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32தான். அதிலும் இரண்டு சாதி உண்டு: ரிவால்வரில் போடும் நீளத் தோட்டா வேறு, பிஸ்டலில் போடும் குட்டைத் தோட்டா வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக் கூடாது. இரண்டுக்குமே சக்தி 9 எம்எம்மில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம்.

கடையில் (பெயர் வேண்டாம்) கையில் எடுத்துப் பார்த்தது மூன்று. முதலில் அஷானி பிஸ்டல், வங்காளத்து ஆலையில் செய்வது. பேர் நம் பழைய செய்யுளில் வரும் அதே அசனிதான், இடி. தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் அடக்கமாக உட்காரும், அந்த ஒரு விஷயத்தில் ரிவால்வர் கிட்டவே வர முடியாது. ஆனால் பிஸ்டல் என்றால் ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) இழுக்கப் பழக வேண்டும், சேஃப்டியைத் தள்ளப் பழக வேண்டும், தோட்டா சிக்கிக்கொண்டால் தட்டி இழுத்துச் சரிசெய்யப் பழக வேண்டும். இதெல்லாம் கைக்கு வர நிறையச் சுட வேண்டும். நிறையச் சுட இந்த ஊரில் வழி எங்கே இருக்கிறது? அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது நிர்பீக், 2014இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வந்தது, டைட்டானியம் கலவை, அரைக் கிலோதான். வந்த புதிதில் ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இடுப்புக்கு சுகம், ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கைக்கு வரும், அது எந்தத் துப்பாக்கிக்கும் பொது. மூன்றாவதுதான் நான் எடுத்தது: கான்பூரில் செய்யும் அந்தப் பழைய மாதிரி ஆறு தோட்டா ரிவால்வர், வெள்ளைக்காரன் காலத்து வெப்லி ரிவால்வரின் வழிவந்தது, வெறும் எடை ஏறத்தாழ 700 கிராம். பக்கவாட்டில் சிலிண்டர் (தோட்டா போடும் உருளை) திறக்கும் பிரபல் என்கிற மாடலை அதே 2023 ஆகஸ்டில்தான் வெளியிட்டிருந்தார்கள், நான் போன நாளில் கடையில் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை அதைத்தான் எடுத்திருப்பேன்.

கான்பூர்க்காரனில் எனக்குப் பிடித்தது அது மடங்கித் திறக்கும் விதம். மேலே உள்ள பிடியைத் தள்ளி பேரலைக் கீழே மடக்கினால் ஆறு தோட்டாவும் ஒன்றாக மேலே எழும்பி வரும், காலியா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வீட்டில் ஏழு வயசுப் பெண் இருக்கிறாள், ராத்திரி லாக்கரில் வைக்கும்போது இந்த ஒரு பார்வை எவ்வளவு நிம்மதி என்று பிள்ளை இருக்கிறவர்களுக்குத் தெரியும். இப்போது வாங்கப் போகிறவர்கள் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நான் வாங்கியபோது ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40. உல்லாசப் படகும் நம் ரிவால்வரும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழன்று ஹேமரும் (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) எழும்பி விழ வேண்டுமே. கட்டை விரலால் ஹேமரை முன்கூட்டியே இழுத்து வைத்தால் லேசாகிவிடும், புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் அதில்தான் பழகுகிறார்கள். நானும் பழகினேன், வட்டத்துக்குள் போட்டுவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அது இடுப்பில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு ஆகாது என்று பிறகுதான் புரிந்தது. பயத்தில் கை நடுங்கும்போது லேசான டிரிக்கர் எதிரியைவிட ஆபத்து, அந்தக் கனமான இழுப்புதான் ரிவால்வருக்குச் சேஃப்டி.

உறை விஷயத்தில் ஏமாந்தேன். ஆன்லைனில் வாங்கிய நைலான் உறை, எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது, அதாவது எதற்கும் பொருந்தாது. ஒரு வேகத்தடையில் ஸ்கூட்டர் குதித்தபோது ரிவால்வர் பாதி வெளியே வந்துவிட்டது, நடுரோட்டில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினேன். அப்புறம் தச்சரிடம் அதே அளவில் ஒரு மரக்கட்டை செதுக்கி வாங்கிக்கொண்டு, சிவாஜி நகரில் தோல் பை தைக்கிற ஒரு பாய் கடைக்குப் போனேன். அவர் கெட்டித் தோலை நனைத்து, கட்டையின் மேல் இழுத்துக் காயவைத்து, டிரிக்கர் பகுதி முழுக்க மூடுகிற மாதிரி தைத்துக் கொடுத்தார். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்பக்கம். அதற்கு இரட்டைத் தோல் பெல்ட் இல்லாவிட்டால் முக்கால் கிலோ ஒரு பக்கமாக இழுத்து, சாயங்காலத்தில் இடுப்பு வலி வந்துவிடும். சட்டை ஒரு அளவு பெரிதாக, வெளியே விட்டு. கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தால் சிலிண்டரின் வீக்கம் அப்படியே முதுகில் தெரியும், அதனால் இப்போது முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் எடுக்கிறேன், கடைப் பையன்கள் எனக்கு மூட்டுவலி என்று நினைக்கிறார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டைக் காட்டி, "இதுலயே வச்சிக்க வேண்டியதுதானேடா" என்கிறார். வைக்க முடியாது. 2016 ஆயுத விதிப்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

தினமும் எடுத்துப் போகலாம் என்று லைசன்ஸ் இருந்தாலும் தினமும் எடுத்துப் போக முடியாது. மால் வாசலில் டிடெக்டர், கோயிலுக்குள் மனசே வராது, வண்டியில் விட்டுவிட்டுப் போவது மகா தப்பு. என் லைசன்ஸ் கர்நாடகத்துக்கு மட்டும். அத்திபெலெ தாண்டினால் தமிழ்நாடு, நாற்பது கிலோமீட்டரில் ஓசூர். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கே, அதனால் கல்யாணம் காதுகுத்து என்றால் ரிவால்வர் வீட்டு லாக்கரில். விண்ணப்பிக்கும்போதே எந்த எல்லைவரை கேட்கிறோம் என்று யோசித்து எழுதுங்கள், நான் யோசிக்கவில்லை. தேர்தல் வேறு. 2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது, ஒரு டீலரிடம் வாடகைக்கு வைத்தேன். ஜூன் பாதியில் திரும்ப வாங்கியபோது பேரல் ஓரத்தில் துருப் பொட்டு, எண்ணெய்த் துணியே படவில்லை போல. அடுத்த முறை நானே நன்றாக எண்ணெய் பூசி, போட்டோ எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

குடகிலிருந்து வருகிற நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பான். கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசன்ஸ் விலக்கு, இப்போதும் 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

சரி, பழகுவதற்கு வருகிறேன். நான் போகும் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஊருக்கு வெளியே, பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் வரிசை எட்டு, பின்னால் இருபத்தைந்து மீட்டர் தடம் ஒன்று, அது ஞாயிறு காலை மட்டும். எல்லா இடத்திலும் சொந்த லைசன்ஸ் துப்பாக்கியால் சுட விடமாட்டார்கள், கேட்டுவிட்டுச் சேருங்கள். பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து ஏர் பிஸ்டல் பக்கம் பிள்ளைகள் கூட்டம், எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று என் பக்கத்தில் நின்று பத்து பத்தாகப் போடும்போது எனக்குத்தான் கூச்சம். அந்தப் பத்து வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்.

அங்கே சொல்லிக்கொடுப்பவர் எம்இஜியில் (ராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படை) சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, மதராஸ் சாப்பர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடும். இவர் எங்களை அப்படிக் கூப்பிடுகிறார். முதல் நாள் என் ஆறு தோட்டாவும் கீழே இடது பக்கம். "குறி சரி தம்பி, நீங்கதான் சரியில்ல" என்றார். எனக்குத் தெரியாமல் இரண்டு டம்மித் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுத்தார். டம்மி வந்த இடத்தில் 'டக்' என்று சத்தம் மட்டும், ஆனால் பேரல் தானாகக் கீழே குத்தியது. சத்தம் வருமுன்னே கை பயந்து அமுக்கியிருக்கிறது. அதை என் கண்ணாலேயே பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை.

பிடியை மாற்றச் சொன்னார். பிஸ்டல் வீடியோ பார்த்து இரண்டு கட்டை விரலையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரிவால்வரில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி உண்டு, சுடும்போது சூடான வாயு அதன் வழியாகப் பக்கவாட்டில் பீய்ச்சும், விரல் அங்கே போகவே கூடாது. இப்போது கட்டை விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழே மடங்கியிருக்கும். இன்னொன்று, நாற்பத்தைந்து வயசாகிவிட்டது, படிக்கும் கண்ணாடி போட்டால் முன்குறி தெளிவாக, இலக்கு மங்கலாகத் தெரிகிறது. நான் அதைக் குறை என்று நினைத்தேன், அவர் அப்படித்தான் தெரிய வேண்டும் என்றார். ஆனால் ஸ்கூட்டரில் போகும்போது அந்தக் கண்ணாடி இருக்காதே. அதனால் கண்ணாடி இல்லாமலும் பாதி சுடுகிறேன், ஏழடி தூரத்தில். சுட்டு முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் டிபனைத் தொட விடமாட்டார், ஈயம்.

தோட்டா எனக்கு ஒன்று நூற்றைம்பதுக்குக் குறையாமல் விழுகிறது. மாதம் இருபத்துநாலு, அதற்கு மேல் கட்டாது. மீதியெல்லாம் வீட்டில் வெறும் துப்பாக்கிதான். அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்: தோட்டா எல்லாம் அடுத்த அறையில், மடக்கித் திறந்து கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்து, டம்மி போட்டு, வெளிப்பக்கம் செங்கல் சுவர் இருக்கும் திசையில் மட்டும். பேரல் மேல் ஒரு ரூபாய்க் காசு. காசு விழாமல் டிரிக்கரை முழுக்க இழுக்க வேண்டும். முதல் வாரம் ஒரு முறைகூட முடியவில்லை. தினமும் ராத்திரி பத்து நிமிஷம், மூன்று மாதத்தில் இருபதுக்குப் பதினெட்டு நின்றது. பிஸ்டல் எடுத்திருந்தால் இந்தப் பயிற்சியில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்லைடை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ரிவால்வரில் இழுத்துக்கொண்டே இருக்கலாம், நிஜத்தில் வரும் அதே கனம், அதே நீளம். நான் எடுத்தது சரி என்று நினைப்பது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். பெரிய ரேஞ்சும் தோட்டாவுக்குப் பணமும் இருக்கிறவர் தாராளமாகப் பிஸ்டல் எடுக்கட்டும்.

உறையிலிருந்து எடுப்பதையும் வீட்டிலேயேதான் பழகினேன். இடது கையால் சட்டையைத் தூக்கி, வலது கை பிடியில் முழுசாக உட்கார்ந்த பிறகே மேலே இழுத்து, ஆள்காட்டி விரல் டிரிக்கரைத் தொடாமல் நேராகத் துப்பாக்கியின் உடல்மேலேயே. மெதுவாக. வேகமாகச் செய்து காட்டிய ஒரு நாள் சட்டை சிலிண்டரோடு சுருண்டு வந்தது. "எடுக்குற வேகத்த விட்டுட்டு, எடுக்காம பையைக் குடுத்துட்டு வர்றதையும் பழகுங்க தம்பி, தங்கத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்றார் சுபேதார் சார். இருக்கிறது.

போன ஞாயிறு ஏழு மீட்டரில், டபுள் ஆக்‌ஷனில், பன்னிரண்டு சுட்டேன். பத்து உள்ளங்கை அளவில் விழுந்தன, இரண்டு பழைய இடத்திலேயே, கீழே இடது பக்கம். சுபேதார் சார் தாளைக் கிழித்து எடுத்து வந்து அந்த இரண்டை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தம்பியைப் பார்க்கப் போய்விட்டார்.