தடித்த கிரிப் போட்டு இரண்டு வருடம்: டி2 ஆக இருந்த என் அயர்ன்கள்

போன வாரம் கோல்ஃப் ஆடும் நண்பர் கேட்டார்: "கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது. நீ போட்ட மாதிரி மிட்சைஸ் கிரிப் போட்டுவிடவா?" மிட்சைஸ் என்றால் வழக்கத்தைவிடத் தடித்த கைப்பிடி. போடு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 4 அயர்ன் முதல் பிட்சிங் வெட்ஜ் வரையிலான ஏழு கிளப் (உலோகத் தலை உள்ள கோல்ஃப் மட்டைகள்) கொண்ட செட், ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு). கிளப்களில் எந்தக் குறையும் இல்லை. எனக்கும் அதே கட்டைவிரல் வலிதான். தடித்த கிரிப் இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், மாற்றினேன். அந்த விஷயத்தில் அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. ஒரு மாதத்தில் வலி போய்விட்டது, இந்த இரண்டு வருடத்தில் திரும்பி வரவில்லை.

ஆனால் முதல் நாள் 7 அயர்னைப் பின்னால் தூக்கியபோதே ஏதோ சரியில்லை. கிளப்பின் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. மேலே போய்த் திரும்பும் இடத்தில் தலை லேசாக ஒரு இழுப்பு கொடுக்கும். அந்த இழுப்பை வைத்துத்தான் எப்போது இறங்குவது என்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் அவசரப்பட்டு இறங்கினேன். பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையோடு ஓடியது. ஒரு நாள் இல்லை, மூன்று வாரம் இப்படியே.

மாற்றிக் கொடுத்தவரிடமே திரும்பப் போனேன். "கிரிப் மட்டும்தான் மாற்றினோம், பழகிவிடும்" என்றார். ஸ்விங் வெயிட் தராசு, அதாவது கிளப்பின் தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று எழுத்தும் எண்ணுமாகக் காட்டும் கருவி, அவர் மேசையிலேயே இருந்தது. ஒரு தடவை வைத்துப் பாருங்கள் என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. டி2 ஆக இருந்த கிளப் சி9 காட்டியது (சி9-க்கு அடுத்து மேலே டி0). மூன்று புள்ளி இறங்கியிருக்கிறது! கிரிப்பை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இரண்டு வருடம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. வேலை சுத்தமான வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு கிரிப்பில் ஒன்றுகூட இன்றுவரை வழுக்கவோ திருகிக்கொள்ளவோ இல்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கிரிப்பின் மேல் நுனியிலிருந்து 14 அங்குலத்தில் கிளப்பைத் தாங்கி நிறுத்தினால், தலைப்பக்கம் எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதே ஸ்விங் வெயிட். 1920களில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஒரு செட்டில் எல்லா கிளப்களும் கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக இந்தத் தராசைக் கொண்டுவந்தார். ஆண்களுக்கான அயர்ன்கள் பெரும்பாலும் டி0 முதல் டி2 வரை இருக்கும். தலையில் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். கிரிப்பில் 5 கிராம் கூட்டினால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். நீளத்தில் அரை அங்குலம் வெட்டினால் மூன்று புள்ளி போய்விடும். என் பழைய கிரிப் 50 கிராம், புதியது 66. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

சரி, தலையில் 6 கிராம் ஒட்டினால் டி2 திரும்பி வந்துவிடும் என்று ஈயப் பட்டை வாங்கி ஒவ்வொரு அயர்னின் பின்புறமும் ஒட்டினேன். தராசு டி2 என்றது. முதல் இரண்டு வாரம் கொண்டாட்டம்தான். இழுப்பு திரும்பிவிட்டது, பந்து கிளப் முகத்தின் நடுவில் பட்டது. ஆனால் 18 ஹோல் ஆட்டத்தில் 13, 14ஆம் ஹோலுக்குப் பிறகு பந்து ஒவ்வொன்றாக வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. களைத்த கையால் தலையை நேரத்துக்குத் திருப்ப முடியவில்லை. எண் பழைய எண்தான், கிளப் பழைய கிளப் இல்லை. மொத்தத்தில் 22 கிராம் கூடியிருக்கிறதே!

தராசு சொல்லாத விஷயம் இதுதான். அது கிளப்பை அசையாமல் வைத்து நிறுக்கிறது. நாமோ சுழற்றுகிறோம். சுழற்றும்போது எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கம்தான் கணக்கில் வரும். கிரிப்பின் எடைமையம் மேல் நுனியிலிருந்து சுமார் 4 அங்குலத்தில் இருக்கிறது, 7 அயர்னின் தலை சுமார் 37 அங்குலத்தில். மேல் நுனியை அச்சாக வைத்துப் போட்டுப் பாருங்கள்: கிரிப்பில் கூடிய 16 கிராம், தலையில் கால் கிராம் வைத்ததற்குக்கூட ஈடாகாது. அதாவது கிரிப் மாற்றியதால் சுழற்றும் பாரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. அதை ஈடுகட்ட 6 கிராம் ஒட்டியதுதான் உண்மையில் கிளப்பை மாற்றியது.

அப்படியானால் முதல் நாள் தலை காணாமல் போனது பிரமையா? நிச்சயமாக இல்லை. என் கை அதை உணர்ந்தது. கைக்குள் பாரம் கூடியதால் தலையின் பாரம் அமுங்கிப்போயிருக்கலாம். தடிமனால் மணிக்கட்டு மடங்குவதும் குறைந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தது என்றே நினைக்கிறேன். இது தெரிந்துகொள்ள ஒரு 8 அயர்னில் மட்டும் எடை குறைந்த, ஆனால் இதே தடிமன் உள்ள கிரிப்பைப் போட்டேன். ஃபோம் மாதிரியான பொருளில் 50 கிராம் அளவில் கிடைக்கிறது. ஈயம் ஒட்டாமலே பாதி உணர்வு திரும்பியது. மீதிப் பாதி தடிமனுடைய வேலை.

கடைசியில் ஒவ்வொரு கிளப்பிலும் 2 கிராம் உரித்துவிட்டு 4 மட்டும் விட்டேன். டி1. ஒன்றரை வருடமாக அப்படியே ஆடுகிறேன். 18ஆம் ஹோலிலும் பந்து நேராகப் போகிறது. அந்தச் சின்னப் பட்டை இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மழையில் நனைந்தும் பையில் உரசியும் ஒன்றுகூடக் கழன்று விழவில்லை.

நண்பருக்கு என் பதில்: போடு, ஆனால் தடித்து எடை கூடாத கிரிப்பாகப் பார்த்துப் போடு. மாற்றுவதற்கு முன் பழைய கிரிப் எத்தனை கிராம், கிளப் என்ன எண் காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள். ஒரே ஒரு அயர்னில் போட்டு இரண்டு வாரம் ஆடிப் பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கொடுத்துவிடாதே.

நான்? வலி போய்விட்டது, பந்து நேராகப் போகிறது, கிரிப் இன்னும் ஒரு வருடம் தாங்கும். இருந்தும் இது தேய்ந்ததும் பழைய மெல்லிய 50 கிராம் கிரிப்பையே திரும்பப் போடப்போகிறேன். மேலே போய்த் திரும்பும் இடத்தில் வரும் அந்த இழுப்பு எனக்கு முழுசாக வேண்டும்.