நந்தனத்தில் நான்கு பேருக்குக் கதை தேடிய ஒரு ஞாயிறு

எங்கள் வீட்டில் கதை படிப்பவர்கள் நான்கு பேர். மகளுக்கு ஆறு வயது, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். மகனுக்குப் பதின்மூன்று. ஆங்கிலத்தில் பேய்க்கதையாக விழுங்குவான், தமிழ் என்றால் நான்காம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவான். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அறுபத்தெட்டு வயது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்துப் படித்த தலைமுறை. நான்காவது ஆள் நான், திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். பதினைந்து வருடமாக, பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைக்கும் மாத நாவல்களைத் தாண்டி அதிகம் போனதில்லை.

இந்த நான்கு பேருக்கும் இதுவரை படிக்காத வகையில் ஆளுக்கு ஒரு கதையாவது கிடைக்க வேண்டும், மொத்தச் செலவு 3,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை சென்னை புத்தகக் காட்சிக்குப் போனோம். அங்கே புதுக் கதையைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

போகிற வழியை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி, கிண்டியில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் நந்தனம். ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் போனபோது நுழைவுச்சீட்டு 10 ரூபாய். விடுமுறை நாளில் காலை 11 மணிக்குத் திறந்தார்கள், வார நாளில் மதியம் 2 மணிக்கு. பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் 11 மணிக்கே உள்ளே இருப்பது நல்லது. நான்கு மணிக்கு மேல் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம்.

புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் இந்தக் காட்சி 1977-இல் ஒரு பள்ளி வளாகத்தில் 22 அரங்குகளோடு தொடங்கியது. நாங்கள் போனது 48-ஆவது காட்சி. அரங்குகள் சுமார் 900. அத்தனையையும் பார்க்க முடியும் என்று நினைத்துப் போகவே கூடாது. நான் முதல் முறை அப்படி நினைத்துப் போய், இரண்டு வரிசை முடிவதற்குள் கால் ஓய்ந்து, கையில் சமையல் புத்தகத்தோடு திரும்பி வந்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இங்கே அரங்குகள் பதிப்பகம் வாரியாக இருக்கின்றன. துப்பறியும் கதைக்கு ஒரு வரிசை, சரித்திரக் கதைக்கு ஒரு வரிசை, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு ஒரு வரிசை என்று கிடையாது. ஒரே மேஜையில் கிராமத்து நாவலுக்குப் பக்கத்தில் பங்குச்சந்தை, அதன் பக்கத்தில் மொழிபெயர்ப்புச் சிறுகதை என்று கிடக்கும். எனவே எந்தப் பதிப்பகம் எதில் கெட்டி என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம். தெரியாமல் போனால், அரங்கில் நிற்பவரிடம் வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். இந்தக் காட்சியின் உண்மையான பலமே அவர்கள்தான் என்று இப்போது நினைக்கிறேன். அது பின்னால் வருகிறது.

மகளுக்குத்தான் வேலை சுலபமாக முடிந்தது. குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் தங்கள் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளம் 2015-இல் தொடங்கியது. அதில் ஏராளமான தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிளம்புவதற்கு முந்தைய வாரம் தினமும் இரவு ஒரு கதை வீதம் போனில் காட்டி, எந்த நிலையில் அவள் தடுமாறுகிறாள் என்று பார்த்து வைத்திருந்தேன். முதல் நிலையைத் தானே படித்தாள். இரண்டாம் நிலையில் கூட்டெழுத்து வரும் இடங்களில் என் முகத்தைப் பார்த்தாள்.

அரங்கில் நின்றதும் அந்தக் கணக்கெல்லாம் உடைந்தது. படம் பிடித்துப்போய் மூன்றாம் நிலைப் புத்தகம் ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது உனக்குக் கஷ்டம்டா" என்றேன். "நீ படி, நான் படம் பார்க்கிறேன்" என்றாள். சரி என்று அதையும் எடுத்தேன். தானே படிக்கும் புத்தகம் ஒன்று, மற்றவர் படித்துக் காட்டும் புத்தகம் ஒன்று என்று குழந்தைக்கு இரண்டு அளவு இருக்கிறது. நிலை எண் முதலாவதற்குத்தான் பொருந்தும். துளிகா அரங்கில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும் படக்கதைகள் இரண்டு வாங்கினோம். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வரிசையில் மெல்லிய புத்தகங்கள் மூன்று. மகள் கணக்கு அதோடு முடிந்தது.

மகனுக்காகத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். பதின்மூன்று வயது என்று சொன்னதும் பல இடங்களில் நீதிக்கதைத் தொகுப்பையோ தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றையோ எடுத்து நீட்டினார்கள். அவன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான். தமிழில் சின்னக் குழந்தைகளுக்குப் படக்கதைகள் இருக்கின்றன, பெரியவர்களுக்கு நாவல்கள் மலைபோல் இருக்கின்றன. நடுவில் இருக்கும் பதினொன்று முதல் பதினாறு வயது வரைக்கும் அலமாரி இளைத்துத்தான் தெரிகிறது. சாகித்திய அகாடமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனியாக பால சாகித்திய விருது தருகிறது. அந்த விருது பெற்ற தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் ஒரு தட்டில் வரிசையாக இருந்தால் என்னைப் போன்ற அம்மாக்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். ஒவ்வொரு பதிப்பகமாகப் போய்த்தான் தேட வேண்டியிருந்தது.

இரண்டு இடங்களில் அவனுக்கு வழி திறந்தது. முதலாவது, லயன்-முத்து காமிக்ஸ் அரங்கு. சிவகாசியிலிருந்து வருகிறவர்கள். முத்து 1972-இலும் லயன் 1984-இலும் தொடங்கியவை. சிறுவர் கூட்டம் இருக்கும் என்று நினைத்துப் போனால், நின்றவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு, கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகன் டெக்ஸ் வில்லர் புத்தகம் ஒன்றைப் புரட்டினான். இத்தாலியில் 1948-இல் பிறந்த பாத்திரம், அமெரிக்க மேற்கின் பாலைவனத்தில் குதிரையில் அலைகிறவர், நல்ல தமிழில் பேசுகிறார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, முதல் புத்தகத்திலேர்ந்து தொடங்கணும்னு இல்ல. எதை எடுத்தாலும் பெரும்பாலும் அதிலேயே கதை முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. அவரும் இவனும் ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். படக்கதையில் பேச்சு பலூனுக்குள் வருவதால் நீளமான வாக்கியம் கிடையாது. தமிழில் வேகம் வராத பிள்ளைக்கு இதைவிட நல்ல நடைவண்டி எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாங்கினோம்.

இரண்டாவது, சின்ன அரங்கு ஒன்று. அங்கே இருந்த பெண் அவன் வயதைக் கேட்கவே இல்லை. "கடைசியா எந்தக் கதையை முடிச்ச? எதைப் பாதியில விட்ட?" என்று அவனிடமே கேட்டார். அவன் முதல்முறையாக நிமிர்ந்து பதில் சொன்னான். ஏன் விட்டாய் என்றும் கேட்டார். "கதை ஆரம்பிக்கவே முப்பது பக்கம் ஆகுது" என்றான். அவர் உள்ளே போய் 120 பக்கத்துக்குள் இருக்கும் அறிவியல் புனைகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்து, மூன்றாவது கதையைத் திறந்து, "முதல் ஒரு பக்கம் இங்கேயே நின்னு படி. பிடிக்கலைன்னா வாங்காதே" என்றார். அவன் இரண்டு பக்கம் படித்தான். தமிழ்ப் புத்தகத்தைத் தானே கேட்டு வாங்கியது அன்றுதான். இன்று யார் என்னிடம் கதை கேட்டாலும் நான் அந்தப் பெண் கேட்ட இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன்.

அத்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் "ராஜா கதை" என்பார். ஆனால் பொன்னியின் செல்வன் அவருக்கு மனப்பாடம். அது நாட்டுடைமை ஆகி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் எண்ணற்ற பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஐந்து பாகமும் ஒரே தடிப் புத்தகமாக, தனித்தனியாக, மலிவுத் தாளில், கெட்டி அட்டையில் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும். விலை குறைவதைப் பார்த்து எடுத்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கண்புரை அறுவை செய்துகொண்டவர் அத்தை. எனவே எந்தப் புத்தகத்தையும் அட்டையைப் பார்ப்பதற்கு முன் நடுப்பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். வயதானவர்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது கதைக்கு முன்னால் எழுத்தின் அளவு வருகிறது. பெரிய எழுத்துப் பதிப்பு என்று தேடினால் சொற்பமாகத்தான் கிடைக்கிறது. பதிப்பகத்தார் யாராவது இதைப் படித்தால், எங்கள் அத்தையைப் போல நேரமும் ஆசையும் உள்ள வாசகர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் புதுக் கதை கிடைத்தது சாகித்திய அகாடமி அரங்கில். 24 மொழிகளில் இயங்கும் நிறுவனம். வேறு இந்திய மொழி நாவல்கள் தமிழில் வருவது இங்கே அதிகம், விலையும் நமக்குக் கட்டுப்படியாகும். வங்காளத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையைப் பின்னட்டையில் படித்துவிட்டு, "இதுவும் ராஜா கதை மாதிரிதான் இருக்கு, அரண்மனைக்குப் பதிலா வீடு" என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. சரித்திரக் கதை பிடிக்கும் என்பவருக்குப் பிடித்தது வாளும் குதிரையும் மட்டும் அல்ல. வாரிசுச் சண்டை, பல பேர் வந்து போகும் நீளம், மெல்ல மெல்லத் தெரியவரும் ரகசியம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிடிப்பு. அதைப் பிடித்துக்கொண்டால் வகை மாறினாலும் வாசகர் கூடவே வருவார்.

எனக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாத நாவலில் எனக்குப் பிடித்தது யார் கொலைகாரன் என்பதைவிட, ஒருவர் ஏன் பொய் சொல்கிறார் என்பது. சாகித்திய அகாடமியின் யுவ புரஸ்கார் விருது 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு 2011 முதல் தரப்படுகிறது. அந்த விருது வாங்கியவர்களின் புத்தகம் எங்கே என்று காலச்சுவடு, எதிர் வெளியீடு, டிஸ்கவரி என்று மூன்று நான்கு பதிப்பக அரங்குகளில் கேட்டு, ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்தேன். கொலை எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். திரும்பும் ரயிலிலேயே பாதி முடித்துவிட்டேன்.

செலவு மொத்தம் 2,780 ரூபாய். பெரும்பாலான அரங்குகளில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, அது போகத்தான் இந்தக் கணக்கு. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஏறினால் போனில் சிக்னல் வராமல் பணம் அனுப்ப முடியாது. நான் ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய், கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டு, மறுபடி உள்ளே வந்தோம். அந்த இடைவேளை இல்லாவிட்டால் மகள் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று அழுதிருப்பாள்.

ஒரு குறையும் உண்டு. அத்தைக்கு இன்னொரு அரங்கில் (பெயர் வேண்டாம்) ஒரு சரித்திர நாவலும் வாங்கியிருந்தோம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு, "இளவரசி ஆத்தங்கரையில நின்னா, அடுத்த பக்கத்துல கல்யாணமே ஆயிடுச்சே" என்றார். பார்த்தால் 96-ஆம் பக்கத்துக்கு அடுத்து 113. ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. பில்லில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். முதல் நாள் எடுக்கவில்லை, இரண்டாம் நாள் "காட்சி முடியட்டும் மேடம்" என்றார்கள். காசு கொடுப்பதற்கு முன் கட்டைவிரலால் ஒருமுறை பக்க எண்களை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த முறை எல்லோரும் சேர்ந்து சுற்றப் போவதில்லை. மகனுக்குத் தனியாக 500 ரூபாய் கொடுத்து, ஒரு வரிசையை அவன் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அத்தையை வார நாள் மதியம் 2 மணிக்கு, கூட்டம் சேரும் முன் கூட்டிப்போக வேண்டும்.

பக்கம் விட்டுப்போன நாவலுக்கு மாற்றுப் பிரதி இருபத்தோராம் நாள் கூரியரில் வந்தது. அதற்குள் அத்தை வங்காள நாவலை முடித்துவிட்டு, பேரனின் டெக்ஸ் வில்லரில் பாதியில் இருந்தார். "ஆயா, அது என்னோடது" என்று அவன் சொல்ல, "முடிச்சிட்டுத் தரேன் இரு" என்று சொல்லிவிட்டுக் கூரியர் உறையைப் பிரிக்காமலே தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.