மார்க் ஜெராகோஸ்: டிவி வக்கீலுக்குக் கொடுக்கும் காசு எங்கே வேலை செய்கிறது?

அமெரிக்கக் குற்ற வழக்கு வக்கீல் மார்க் ஜெராகோஸை அமர்த்தினால் ஒரே கட்டணத்தில் இரண்டு பேர் கிடைக்கிறார்கள். ஒருவர் கோர்ட்டில் எழுந்து வாதாடுபவர். மற்றவர் சேனலில் உட்கார்ந்து பேசுபவர். லாஸ் ஏஞ்சலஸ் ஃபிகரோவா தெருவில் 1912-இல் கட்டிய பழைய தீயணைப்பு நிலையத்தில் இயங்கும் இந்த அலுவலகத்தின் கட்சிக்காரர் பட்டியல் நீளமானது. அந்த வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சேவையின் தரம் ஒரே சீராக இல்லை. முடிவெடுப்பவர் பதவியில் இருக்கும் அதிகாரி அல்லது பணம் கொடுக்க வேண்டிய நிறுவனம் என்றால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். முடிவெடுப்பது பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி என்றால் இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

இத்தனைக்கும் அவர் பெயரை நாடறிய வைத்தது ஜூரியிடம் பெற்ற வெற்றிதான். கிளின்டன் தம்பதியின் பழைய வியாபாரக் கூட்டாளி சூசன் மக்டூகல் மீது கலிஃபோர்னியாவில் கையாடல் வழக்கு இருந்தது. புகார் கொடுத்த தரப்பு, மும்பையில் பிறந்த இசை நடத்துநர் சூபின் மேத்தாவின் குடும்பம். 1998-இல் விடுதலை. அடுத்த ஆண்டு அர்கான்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக்கில், கிளின்டன் தம்பதியை விசாரித்த தனி அரசு வழக்கறிஞர் கென்னத் ஸ்டார் தரப்பு தொடுத்த வழக்கில், நீதிக்கு இடையூறு செய்ததாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. கோர்ட் அவமதிப்புக் குற்றச்சாட்டுகளில் ஜூரி பிளந்து நின்றது. ஸ்டார் அலுவலகம் நடந்துகொண்ட விதத்தையே கூண்டில் ஏற்றியதுதான் அங்கே பலித்த உத்தி. அரசுத் தரப்பு மீது ஜூரிக்கு ஏற்கெனவே சந்தேகம் இருக்கும் ஊரில் இது எடுபடும். எல்லா ஊரிலும் எடுபடாது.

எடுபடாது என்பது ஹாலிவுட் நடிகை வினோனா ரைடர் வழக்கில் தெரிந்தது. 2001 டிசம்பரில் பெவர்லி ஹில்ஸில் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ என்ற ஆடம்பரக் கடையில் சுமார் 5,500 டாலர் பொருள்களைத் திருடியதாக வழக்கு. கலிஃபோர்னியாவில் அப்போது 400 டாலரைத் தாண்டினாலே பெருந்திருட்டு. கண்காணிப்பு கேமரா பதிவு இருந்தது, பாதுகாப்பு டேக்குகள் வெட்டப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட சாட்சியம் கையில் இருக்கும்போது அனுபவசாலி வக்கீல் முதல் வாரத்திலேயே, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரத்துக்கு வழி தேடுவார். இங்கே விசாரணை வரை போனது. ஜூரியில் ரைடரின் படங்களைத் தயாரித்த ஸ்டுடியோவின் முன்னாள் தலைவர் பீட்டர் கூபர் உட்கார்ந்திருந்தும் 2002 நவம்பரில் திருட்டும் சேதப்படுத்தியதும் உறுதியாயின. திருடும் நோக்கத்துடன் நுழைந்த குற்றத்தில் மட்டும் விடுதலை. தண்டனை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 480 மணி நேர சமூக சேவையும். 2004-இல் குற்றம் சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டது. முடிவில் பெரிய சேதமில்லை, ஆனால் அந்த முடிவுக்கு வர ஒரு முழு விசாரணை தேவைப்பட்டதா என்பதே கேள்வி.

ஸ்காட் பீட்டர்சன் வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தச் சேவையின் பலவீனங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. 2002 டிசம்பர் 24 அன்று மொடெஸ்டோவில் கர்ப்பிணி மனைவி காணாமல் போனார். 2003 ஏப்ரலில் அவர் உடலும் சிசுவின் உடலும் கரை ஒதுங்கின; கணவர் ஸ்காட் கைதானார். அதுவரை டிவியில் அந்த வழக்கை அலசிக்கொண்டிருந்த ஜெராகோஸ், கணவருக்குப் பாதகமான கருத்துகளையும் அங்கே சொல்லியிருந்தார். மே மாதம் அதே கணவருக்கு வக்காலத்து போட்டார். ஜூன் மாதம் நீதிபதி, வழக்கைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று வாய்ப்பூட்டு உத்தரவு போட்டார். ஆக, கட்சிக்காரர் எந்தப் புகழுக்காக இவரைத் தேடி வந்தாரோ அந்தப் பாதி சேவை ஒரே மாதத்தில் முடங்கியது. இதைக் கட்டணம் பேசும்போது யாரும் யோசிப்பதில்லை: பெரிய வழக்கு என்றால் வாய்ப்பூட்டு உத்தரவு வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது தொடக்க உரை. கலிஃபோர்னியாவில் எதிர்த்தரப்பு தன் தொடக்க உரையை அரசுத் தரப்பு சாட்சியம் முடியும்வரை தள்ளி வைக்கலாம். ஜெராகோஸ் தள்ளிவைக்கவில்லை. 2004 ஜூன் தொடக்கத்தில், அரசுத் தரப்பு பேசிய மறுநாளே எழுந்து, தன் கட்சிக்காரர் துளியும் குற்றமற்றவர் என்று நிரூபிப்பேன், குழந்தை உயிரோடு பிறந்தது, அதாவது மனைவி காணாமல் போன நாளில் கொலை நடக்கவில்லை என்று காட்டுவேன் என்றார். சட்டப்படி எதிர்த்தரப்பு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகம் கிளப்பினால் போதும். நிரூபிப்பேன் என்று வாய்விட்ட கணமே, இல்லாத சுமையை அவரே தலையில் ஏற்றிக்கொண்டார். டிவியில் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தமாகப் பேசிப் பழகிய நாக்கு ஜூரி முன்னால் செய்யும் தவறு இது. சேனல் பார்ப்பவர் அடுத்த நாள் மறந்துவிடுவார். ஜூரி ஐந்து மாதம் குறிப்பேட்டோடு காத்திருக்கும்.

காத்திருந்தது. அரசுத் தரப்பில் 174 சாட்சிகள், இவர் தரப்பில் 14. சிசுவின் வயதைச் சொல்ல வந்த மருத்துவ நிபுணர், கர்ப்பம் உறுதியான தேதியைத் தோழி ஒருவர் சொன்ன தகவலை வைத்து அனுமானித்திருந்தார். குறுக்கு விசாரணையில் அந்தத் தேதி உடைந்தது; தேதி போனதும் கணக்கு முழுவதும் போனது. நிபுணர் சாட்சியைக் கூண்டில் ஏற்றும் முன், அவர் எந்த ஆவணத்தின் மேல் நிற்கிறார் என்று சொந்த அலுவலகத்திலேயே ஒரு ஒத்திகைக் குறுக்கு விசாரணை நடத்த வேண்டும். அப்படி நடத்தியிருந்தால் அந்த ஓட்டை அங்கேயே தெரிந்திருக்கும்.

ஜூரி கலந்தாலோசிக்கும் நாள்களில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், மனைவியின் உடலைக் கொண்டுபோனதாக அரசுத் தரப்பு சொன்ன அதே வகைப் படகு ஒன்றை நிறுத்தி, உள்ளே பொம்மை உடலையும் வைத்தது அவர் தரப்பு. மக்கள் அதைச் சுற்றிப் பூவும் மெழுகுவத்தியும் வைத்து இறந்தவருக்கு அஞ்சலி மேடையாக்கிவிட்டார்கள். நவம்பர் 12 அன்று தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது ஜெராகோஸ் அங்கே இல்லை. உடன் வாதாடிய பாட் ஹாரிஸ்தான் நின்றார். 2005-இல் மரண தண்டனை. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்ததற்கும் இந்த வாதங்களுக்கும் தொடர்பில்லை. மரண தண்டனையை எதிர்ப்பதாக எழுதிக்கொடுத்தவர்களை ஜூரி தேர்வில் தவறாக நீக்கியதே காரணம். குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

அதே 2004-இல் இன்னொரு கட்சிக்காரர் கைநழுவினார். மைக்கேல் ஜாக்சன் ஏப்ரலில் ஜெராகோஸை மாற்றி தாமஸ் மெஸரோவை அமர்த்தினார். சிறுவனிடம் பாலியல் அத்துமீறியதாகத் தன் மீதிருந்த வழக்கில் முழுக் கவனம் வேண்டும் என்பதே அவர் தரப்பு சொன்ன காரணம். பீட்டர்சன் விசாரணை அப்போது வாசலில் நின்றது. 2005 ஜூனில் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் ஜாக்சன் விடுதலை.

இனி நான்கு மதிப்பெண்ணுக்கான பக்கம். ஆர்மீனிய இனப்படுகொலையில் இறந்தவர்களின் காப்பீட்டுத் தொகை கேட்ட வழக்குகளில் நியூயார்க் லைஃப் நிறுவனம் 2004-இல் 2 கோடி டாலருக்கும், பிரெஞ்சுக் காப்பீட்டு நிறுவனம் ஆக்ஸா 2005-இல் 1.75 கோடி டாலருக்கும் சமரசத்துக்கு வந்தன. ஆர்மீனிய வம்சாவளியினரான ஜெராகோஸ் அதில் வாரிசுகள் தரப்பு வக்கீல்களில் ஒருவர். காதலியைத் தாக்கிய வழக்கில் பாடகர் கிறிஸ் பிரௌனுக்கு 2009-இல் சிறையில்லாத ஒப்பந்தம்: ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 180 நாள் சமூக உழைப்பு. அணிகள் கூடிப் பேசித் தன்னை ஒதுக்கியதாக அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் கொடுத்த புகாரை முழு விசாரணைக்கு முன்பே தள்ளுபடி செய்ய நடுவர் மறுத்த பிறகு, 2019 பிப்ரவரியில் அந்த ஆட்டத்தின் லீக்கான என்எஃப்எல் ரகசியத் தொகைக்கு இறங்கி வந்தது. இங்கெல்லாம் எதிரே இருந்தவர்களுக்கு இழக்க ஒரு பெயர் இருந்தது. சேனலில் விடாமல் பேசும் வக்கீல் அவர்களுக்குத் தலைவலி. ஜூரிக்கு அப்படி இழக்க ஒன்றுமில்லை.

பெற்றோரைக் கொன்றதற்காகச் சிறையில் இருக்கும் மெனெண்டஸ் சகோதரர்கள் விவகாரம் இந்தப் பலத்தையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. 2024 அக்டோபரில் குடும்பத்தினரைத் திரட்டிப் பத்திரிகையாளர் சந்திப்பு. அதே மாதம் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் கேஸ்கோன் தண்டனைக் குறைப்பைக் கேட்டார். அவர் தேர்தலில் தோற்று, வந்தவர் எதிர்த்தும், 2025 மே மாதம் நீதிபதி மைக்கேல் ஜெஸிக் பரோல் இல்லாத ஆயுளை, பரோல் கேட்க வழிவிடும் ‘50 ஆண்டு முதல் ஆயுள்’ என்று மாற்றினார். ஆகஸ்டில் பரோல் குழு இருவருக்கும் மறுத்தது. சிறையில் சட்டவிரோதமாக செல்போன் வைத்திருந்தது போன்ற பதிவேட்டு விவரங்கள்தான் அங்கே பேசின.

டிவியில் வழக்குகளை அலசும் விமர்சகர் என்ற சேவையைத் தனியாகப் பார்த்தால் தரமானது. ஜூரி தேர்வு, அரசுத் தரப்பின் உத்தி, நீதிபதி ஏன் ஒரு மனுவைத் தள்ளினார் என்பதை இவர் அளவுக்குத் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் நாளை யாருக்கு வாதாடுவார் என்று தெரியாதவரின் கருத்தை அந்த எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். 2019 மார்ச் 25 அன்று, நைக்கி நிறுவனத்தை மிரட்டிப் பணம் கேட்டதாக இன்னொரு பிரபல வக்கீல் மைக்கேல் அவெனாட்டி மீது பதிவான வழக்கில் பெயர் குறிக்கப்படாத கூட்டாளி இவரே என்று செய்தி வந்ததும், இவரை விமர்சகராக வைத்திருந்த சிஎன்என் சேனல் உறவை முறித்தது. இவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதியப்படவில்லை. 2025-இல், மகள் டெனி ஜெராகோஸ் வாதாடிய ராப் பாடகர் ஷான் கோம்ஸ் வழக்கின் பெண் அரசு வழக்கறிஞர்களைப் பற்றி பாட்காஸ்டில் உதிர்த்த சொல்லுக்காக நீதிபதி அருண் சுப்ரமணியனிடம் கண்டிப்பு வாங்கினார். (பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.) வாயால் வரும் புகழுக்கு வாயாலேயே வினையும் வரும். அது மகளின் கட்சிக்காரர் தலையில் விழுந்தால்தான் சங்கடம்.

இவரையோ இவர் போன்றவரையோ அமர்த்த நினைப்பவர் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை சில. கலிஃபோர்னியாவில் குற்ற வழக்குக்கு வெற்றியைப் பொறுத்த கட்டணம் கூடாது. செலவு 1,000 டாலரைத் தாண்டும் என்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கட்டணம் முதல்நிலை விசாரணை (வழக்கை நடத்த ஆதாரம் போதுமா என்று நீதிபதி பார்ப்பது) வரைக்குமா, ஜூரி விசாரணையும் சேர்த்தா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். நிபுணர், துப்பறிவாளர் செலவு பெரும்பாலும் தனி. வக்கீலை மாற்றினால் உழைத்து ஈட்டாத முன்பணம் திரும்ப வர வேண்டும். சிறையில் இருப்பவருக்கு முதல்நிலை விசாரணை 10 கோர்ட் நாள்களுக்குள்ளும், பெருங்குற்ற வழக்கின் விசாரணை 60 நாளுக்குள்ளும் தொடங்கக் கேட்கும் உரிமை உண்டு; டைரி நிறைந்த வக்கீல் இதை விட்டுக்கொடுக்கச் சொல்லுவார். தயாரிப்புக்கு நேரம் தேவைப்பட்டால் சரி, அவருடைய இன்னொரு வழக்குக்காக என்றால் மறுக்கலாம். சாட்சி விசாரணைக்கும் தீர்ப்பு நாளுக்கும் யார் வந்து நிற்பார் என்று ஆள் பெயரோடு எழுதி வாங்க வேண்டும்.

கடையில் பொருள் எடுத்த முதல் வழக்கு, 950 டாலருக்குள் என்றால் இந்த அலுவலகம் தேவையே இல்லை. பெரும்பாலும் சிறு குற்றமாகவே பதிவாகும். நிபந்தனைகளை முடித்தால் வழக்கையே தள்ளுபடி செய்யும் அதிகாரம் 2021 முதல் நீதிபதிக்கு இருக்கிறது. அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கும் உள்ளூர் வக்கீலோ அரசு செலவில் வாதாடும் பொது வக்கீலோ அதை முடித்துக் கொடுப்பார்.