ஹார்வர்டின் 2+2: இடம் இப்போது, வகுப்பு பிறகு

வேலை அனுபவம் இல்லாமல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் எம்பிஏ-வுக்கு முயல, மாணவராக இருக்கும்போதே விண்ணப்பிக்கும் 2+2 திட்டம் நல்ல வழிதான். ஆனால் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே இடம் கிடைத்தாலும், 2 முதல் 4 ஆண்டு வேலை பார்த்த பிறகே வகுப்பு. படிப்பு முடிந்து முழுநேர வேலையில் சேர்ந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். கட்டணம் 100 டாலர். வழக்கமான விண்ணப்பத்துக்கு 250. ஜிமேட் அல்லது ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கட்டாயம்.

பலர் சறுக்குவது பரிந்துரைக் கடிதத்தில். இரண்டு வேண்டும். பதவியைப் பார்த்து துறைத்தலைவரிடம் கேட்டால், "ஒழுக்கமான மாணவர், முதல் வகுப்பு" என்று நாலு வரி வரும்; அதில் எதுவும் தேறாது. இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் சொதப்பியதையும் அதைச் சரிசெய்ததையும் கூடவே இருந்து பார்த்த மேலாளர் எழுதட்டும்.

காத்திருக்கப் பொறுமை இல்லையா? யேல் பல்கலைக்கழகத்தின் சில்வர் ஸ்காலர்ஸ் எம்பிஏ திட்டத்தைப் பாருங்கள்: பட்டம் முடித்ததும் நேரே சேரலாம், 3 ஆண்டு, நடு ஆண்டு முழுக்க வேலை.